முதியோர் இல்லத்தில் ஏன் விழுகிறார்கள்? கேமரா காட்டிய காரணங்கள்

முதியோர் இல்லத்தில் ஒருவர் கீழே விழுந்துவிட்டால் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் ஏறும்: "வழுக்கி விழுந்தார்." எழுதிய நர்ஸ் அதைப் பார்த்திருக்க மாட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்தபோதே பெரியவர் தரையில் கிடந்திருப்பார். அவரைக் கேட்டால், "என்னமோ தெரியலம்மா, கால் வழுக்கிடுச்சு" என்பார். மறதி நோய் உள்ளவர் என்றால் விழுந்ததே நினைவில் இருக்காது. அந்த 'வழுக்கி' என்பது ஓர் ஊகம். அந்த ஊகத்தை நம்பித்தான் தரையைத் துடைக்கிறோம், வழுக்காத பாய் வாங்கிப் போடுகிறோம். அப்புறமும் அதே ஆள் அடுத்த வாரம் விழுகிறார்.

கனடாவில் வான்கூவர் பக்கம் உள்ள இரண்டு பராமரிப்பு இல்லங்களில், விழும் கணத்தையே நேராகப் பார்க்க முடிந்தது. சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ராபினோவிச் குழுவினர், சாப்பாட்டுக் கூடம், நடைவழி, எல்லோரும் சேர்ந்து உட்காரும் கூடம் ஆகிய பொது இடங்களில் இருந்த கேமராப் பதிவுகளை 2007 முதல் 2010 வரை சேகரித்தார்கள். 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, விழுவதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்று குறித்தார்கள். 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம்.

முதலிடத்தில், 41 சதவீதத்தோடு, இருந்தது உடலின் பாரத்தைச் சரியாக மாற்ற முடியாமல் போவது. எழுந்திருக்கும்போதும் திரும்பும்போதும் குனியும்போதும் உட்காரும்போதும் நம் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு, அல்லது கால்களிலிருந்து இருக்கைக்கு மாறுகிறது. நாற்பது வயதில் இதை நாம் கவனிப்பதே இல்லை. எண்பத்தைந்து வயதில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட, தலையும் தோளும் திரும்பிவிடும், பாதம் அங்கேயே நிற்கும். நாற்காலி பின்னால் இருக்கிறது என்று நினைத்து உட்காரப் போவார், அது ஒரு சாண் தள்ளி இருக்கும். இடறுவது 21 சதவீதம். எதிலாவது அல்லது யார் மேலாவது மோதியது, பிடித்திருந்த வாக்கரோ நாற்காலியோ நகர்ந்து பிடி விட்டுப்போனது, கால்கள் துவண்டு அப்படியே சரிந்தது ஆகிய மூன்றும் தலா 11 சதவீதம்.

அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கணக்கு இன்னும் யோசிக்க வைக்கிறது. 24 சதவீதம் பேர் முன்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். 13 சதவீதம் பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். 12 சதவீதம் பேர் உட்காரப் போனார்கள். நடந்தால்தான் விழுவார் என்று நினைத்து "நடக்காதீங்க தாத்தா, உட்காருங்க" என்று சொல்கிறோம். அந்த உட்காரும் வேலையிலேயே விழுகிறார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளியலறைகளிலும் கழிவறைகளிலும் கேமரா இல்லை, இருக்கவும் கூடாது. ஈரத் தரையில் வழுக்குவது அங்கே கூடுதலாக இருக்கலாம். நம் ஊர்க் குளியலறையில் வாளித் தண்ணீர் சிதறித் தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் என்பதால், வழுக்காத தரையும் சுவரில் உறுதியான கைப்பிடியும் கட்டாயம் வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

அதே பதிவுகளை வைத்து அந்தக் குழு இன்னொன்றையும் கண்டது. விழுந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குத் தலை தரையிலோ வேறெதிலோ இடித்தது. 74 சதவீதம் பேரின் கை தரையில் ஊன்றியும் இருந்தது. கையை நீட்டும் அனிச்சை இன்னும் இருக்கிறது. ஆனால் கை ஊன்றியதால் தலை இடிபடுவது குறையவில்லை, ஏனென்றால் இறங்கி வரும் உடலைத் தாங்கும் வலு அந்தக் கையில் இல்லை.

இந்த வலுவிழப்பைத்தான் முதியோர் மருத்துவத்தில் நலிவு என்கிறார்கள். வயதும் நலிவும் ஒன்றல்ல. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் அதற்கு ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: காரணமில்லாத எடைக் குறைவு, எப்போதும் களைப்பு, கைப்பிடியில் வலுக் குறைவு, நடை மந்தம், நடமாட்டம் குறைதல். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவுற்றவர். பராமரிப்பு இல்லத்தில் சேர்பவர்களில் பலர் இந்த நிலைக்கு வந்த பிறகுதான் அங்கே வருகிறார்கள். வீட்டில் வாழும் 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விழுகிறார் என்றால், பராமரிப்பு இல்லங்களில் அது ஏறக்குறைய பாதிப் பேர்.

விழுந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களிலேயே நீண்டகாலம் வாழ்ந்துவந்து இடுப்பெலும்பு முறிந்த 60,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. 180 நாட்களுக்குள் 36 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். எலும்பு முறியாவிட்டாலும் மிச்சம் இருப்பது பயம். ஒருமுறை விழுந்தவர் அடுத்து எழுந்திருக்கவே அஞ்சுவார், அஞ்சி உட்கார்ந்தே இருப்பார், உட்கார உட்காரக் கால் வலு குறையும், அதனாலேயே மறுபடி விழுவார்.

மதிப்பெண் போட்டு என்ன ஆகப் போகிறது?

பல இடங்களில் ஒருவரைச் சேர்க்கும்போதே விழும் அபாயத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பரவலாகப் புழங்குவது ஜானிஸ் மோர்ஸ் 1989-இல் வெளியிட்ட அளவுகோல். முன்பு விழுந்திருந்தால் 25, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15, ஊன்றுகோலோ வாக்கரோ வைத்திருந்தால் 15, நடை பலவீனமாக இருந்தால் 10, தன் இயலாமையை மறந்துவிடுபவர் என்றால் 15 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். பல மருத்துவமனைகளில் 45-ஐத் தொட்டால் அதிக அபாயம்.

இதை ஒரு முதியோர் இல்லத்தில் போட்டுப் பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ள, வாக்கர் பிடித்து மெதுவாக நடக்கிற, கொஞ்சம் மறதி உள்ள ஒரு பாட்டி. இதுவரை ஒருமுறைகூட விழாதவர். அவருக்கே 15, 15, 10, 15 என்று 55 வந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 70. எதிரே இருப்பவருக்கு 80. அதிக அபாயம் என்று எல்லோர் கையிலும் சிவப்புப் பட்டை கட்டியாயிற்று. இனி யாரைத் தனியாகக் கவனிப்பது? இந்த மதிப்பெண் மருத்துவமனை வார்டுகளிலேயே அவ்வளவாகப் பயன்படவில்லை என்பதால், அங்கே இப்படிக் கணிக்கும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இலேயே சொல்லிவிட்டது. 39 நாடுகளைச் சேர்ந்த 96 வல்லுநர்கள் கூடி 2022-இல் வெளியிட்ட உலக வழிகாட்டுதல், பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் எல்லோரையுமே அதிக அபாயத்தில் உள்ளவர்களாகக் கொள்ளச் சொல்கிறது. யார் விழுவார் என்று தேடும் நேரத்தை, இவர் எதனால் விழக்கூடும் என்று தேடுவதில் செலவிட வேண்டும் என்பதே அதன் பொருள்.

அந்தத் தேடலுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லும் சோதனை 1991 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனம் தேவை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. இல்லவாசிகளில் பலருக்கு அதைவிட நேரம் ஆகும். அதனால் வினாடியை விடப் பார்வைதான் முக்கியம் என்பேன். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, எழுந்ததும் தள்ளாடுகிறாரா, திரும்ப எத்தனை அடி எடுத்து வைக்கிறார், நாற்காலியைக் காலால் தொட்டு உணர்ந்து உட்காருகிறாரா, இல்லை பொத்தென்று விழுவதுபோல் உட்காருகிறாரா. கேமரா காட்டிய 41 சதவீதம் ஒளிந்திருப்பது இந்த அசைவுகளில்தான்.

அடுத்தது ரத்த அழுத்தம். உட்கார வைத்து ஒருமுறை பார்த்து எழுதிவிட்டுப் போனால் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழுந்தவுடன் மூளைக்கு ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். "எழுந்தா கண்ணு இருட்டுது" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சிலருக்குச் சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்கும். சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போதே ஒருவர் சரிகிறார் என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

அப்புறம் மாத்திரைகள். என் அனுபவத்தில் குடும்பங்கள் கேட்கத் தயங்குவதும், கேட்டால் உடனே பலன் தருவதும் இந்த இடம்தான். மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் முதியோர்க்கு ஆகாத மருந்துகளின் பட்டியலை முதன்முதலில் தயாரித்ததே நர்சிங் ஹோம் வாசிகளை மனத்தில் வைத்துத்தான். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள், மனநோய் மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள், அளவுக்கு மீறிய பிரஷர் மாத்திரைகள், ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்புக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை எல்லாம் ஒவ்வொரு விதத்தில் நிதானத்தைக் குலைக்கக்கூடியவை. எப்போதோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை வருடக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கும். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கும். ஆனால் நாமாகச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

கழிவறை அவசரம் தனிக் கதை. இரவில் விழுபவர்கள் பலர் அங்கே போகும் வழியில் விழுகிறார்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் நள்ளிரவில் ஓட வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றினாலே சிலருக்கு அந்த ஓட்டம் நிற்கும். படுக்கப் போகும் முன்னும், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்குச் சற்று முன்னும் பராமரிப்பாளரே போய் "பாத்ரூம் போகலாமா பாட்டி?" என்று கேட்பது இன்னொரு வழி. அழைப்பு மணியை அழுத்தச் சொல்லி வைத்திருக்கிறோமே என்பார்கள். அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வாழ்ந்த தலைமுறை அது. அவர்கள் மணி அடிக்க மாட்டார்கள்.

கண்புரை, பழைய கண்ணாடி, வளர்ந்து வளைந்த கால் நகம், தேய்ந்து வார் தளர்ந்த ரப்பர் செருப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு மூன்று முறை விழுந்தால் அது வெறும் காலின் பிரச்சினையாக இருக்காது. காய்ச்சலோ, நீர்ச்சத்துக் குறைவோ, நிமோனியாவோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

கட்டி வைத்தால் காப்பாற்ற முடியுமா?

விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் நாற்காலியோடு பெல்ட் போட்டோ துணியால் சுற்றியோ கட்டி வைப்பது, கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்பை ஏற்றிவிடுவது இன்றும் நடக்கிறது. செய்பவர்கள் கொடியவர்கள் அல்ல. இரவில் முப்பது பேருக்கு இரண்டு பேர் என்ற நிலையில் வேறென்ன செய்வது என்று தெரியாதவர்கள். ஆனால் கட்டுவது காப்பாற்றவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 12 நர்சிங் ஹோம்களில் மேரி டினெட்டி குழுவினர் நடந்து திரியக்கூடிய 397 பேரைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் எழுதினார்கள். கட்டப்படாதவர்களில் 5 சதவீதம் பேருக்கு விழுந்து கடுமையான காயம் ஏற்பட்டது. கட்டப்பட்டவர்களில் அது 17 சதவீதம். தடுமாற்றம் அதிகம் உள்ளவர்களையே தேடிக் கட்டியிருப்பார்கள் என்பது உண்மை. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும், கட்டியதால் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கட்டில் தடுப்பும் அப்படித்தான். இறங்கியே ஆக வேண்டும் என்று நினைப்பவர் தடுப்பின் மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். அமெரிக்கா 1987-இல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, ஒழுங்குக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது என்று ஆக்கியது.

படுக்கையிலேயே இருப்பதற்கு உடல் கொடுக்கும் விலையும் பெரிது. 2007-இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்கள் நன்றாக இருந்தவர்கள். ஏற்கெனவே நலிந்தவரை "ரெஸ்ட் எடுங்க" என்று இரண்டு வாரம் படுக்க வைத்தால் என்ன மிஞ்சும்?

கருவிகளைப் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் எதிர்பார்த்த அளவு பலன் வரவில்லை. கட்டிலை விட்டு எழுந்தால் ஒலிக்கும் மணி, ஓர் அமெரிக்க மருத்துவமனையில் நடந்த பெரிய சோதனையில் விழுவதைக் குறைக்கவில்லை. கனடாவில் ஓர் இல்லத்தின் 150 அறைகளை எடுத்துக்கொண்டு ஒரு பாதியில் அதிர்வு தாங்கும் மெத்துத் தரை போட்டு நான்கு ஆண்டு பார்த்தார்கள். கடுமையான காயங்கள் குறையவில்லை. இடுப்பில் அணியும் பஞ்சுக் கவசம் இல்லவாசிகளிடம் இடுப்பெலும்பு முறிவைச் சிறிதளவு குறைக்கிறது, ஆனால் போட்டுக்கொண்டால்தானே! நம் வெக்கையில் இரவும் பகலும் அதை அணியச் சொல்வது பெரிய வேண்டுகோள்.

பலன் வந்த இடம் தசை. பாஸ்டனில் சராசரி வயது 87 உள்ள, நலிவுற்ற நர்சிங் ஹோம் வாசிகள் 100 பேரை வைத்து மரியா ஃபியாட்டரோன் நடத்திய ஆய்வு 1994-இல் வந்தது. பத்து வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. தொண்ணூறை நெருங்கும் தசைகூடக் கேட்டால் கொடுக்கும் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 16 இல்லங்களில் 221 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான சன்பீம் சோதனை, அது விழுவதையும் குறைக்குமா என்று பார்த்தது. 25 வாரங்களில் மொத்தம் 50 மணி நேரம், எடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து, அப்புறம் ஆறு மாதம் தொடர்பயிற்சி. விழுவது 55 சதவீதம் குறைந்தது. உட்கார்ந்தபடி கையை ஆட்டும் 'எக்சர்சைஸ்' இதில் சேராது. எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், நின்று செய்ய வேண்டும், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தசைக்குச் சாப்பாடு வேண்டும். அதே ஆஸ்திரேலியாவில் 60 இல்லங்களில் 7,195 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் மருந்தே இல்லை. பாதி இல்லங்களில் வழக்கமான உணவு. மீதியில் பால், தயிர், சீஸ் மூலம் நாளொன்றுக்குக் கூடுதலாக 12 கிராம் புரதமும் 562 மில்லிகிராம் கால்சியமும் சேர்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு டம்ளர் பாலும் கொஞ்சம் தயிரும் என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பு முறிவு 33 சதவீதம் குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது, விழுவதும் 11 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு விட்டமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் இல்லங்களில் "பல் இல்ல, செரிக்காது" என்று காலையில் கஞ்சி, ராத்திரி இரண்டு இட்லி என்று நிறுத்திவிடுகிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மற்றவர்களுக்கு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் கூட வைப்பதில் என்ன தடை?

இவை எல்லாம் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பதில் கிடைத்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பிப் லோகன் குழுவினர் 84 இல்லங்களில் 1,657 பேரை வைத்துச் செய்த சோதனை 2021-இல் வெளியானது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரிடமும் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். சோதனையின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை விழுவது 43 சதவீதம் குறைந்தது. அதன் பிறகு அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. நான் இதைத் தோல்வியாகப் படிக்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டுப் போவார்கள், புதியவர்கள் வருவார்கள், பட்டியல் அலமாரிக்குள் போகும். ஒருமுறை கற்றுக்கொடுத்து விட்டுவிடும் வேலை இல்லை இது. சம்பளமும் ஆட்களும் போதாத இல்லத்தில் எந்தப் பட்டியலும் ஆறு மாதம் தாண்டாது.

தமிழ்நாட்டில் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது அரசின் கணிப்பு. கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்கள் கோவையிலும் சென்னையிலும் பெருகியிருக்கின்றன. அம்மாவையோ அப்பாவையோ சேர்க்கப் போகிறவர்கள் ஏசி உண்டா, சைவச் சாப்பாடா என்று கேட்பதோடு, "போன மாசம் இங்கே எத்தனை பேர் விழுந்தாங்க?" என்றும் கேளுங்கள். "எங்ககிட்ட யாருமே விழுறதில்ல" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். அங்கே எண்ணிப் பார்ப்பதில்லை, அல்லது யாரையும் நடக்கவிடுவதில்லை. "நாலு பேர் விழுந்தாங்க, ரெண்டு பேர் ராத்திரியில, அதுக்கப்புறம் இதை மாத்தினோம்" என்று சொல்லும் இடத்தில் என் அம்மாவை விடுவேன்.

அந்த இல்லத்தின் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு. 'வழுக்கி விழுந்தார்' என்ற வரி அதில் இருக்காது. "இரவு 3.40. கழிவறையிலிருந்து திரும்பும்போது, விளக்கை அணைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியபோது இடது பக்கமாகச் சரிந்தார். தரை உலர்ந்திருந்தது. வாக்கர் கட்டிலருகே இருந்தது. தலை இடிபடவில்லை, இடுப்பில் வலி இல்லை, இரண்டு காலையும் அசைக்கிறார். ரத்த அழுத்தம் படுத்து 140, நின்று 112. ராத்திரித் தூக்க மாத்திரை பற்றி டாக்டரிடம் காலையில் கேட்க வேண்டும். கழிவறை விளக்கு இனி விடிய விடிய எரியட்டும். 3 மணிக்கு நாமே போய்க் கூப்பிட வேண்டும்."